தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும்

ஆகஸ்ட் 4

இந்த டைரி பரிமளா வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஜனவரியில் இனாமாக வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வாயுத்தொல்லை மாத்திரை விளம்பரம். இத்தனை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று பரிமளா தூசி தட்டி என் முன்னால் வைத்து, "தினம் நாலு வரி எழுதுங்க. மனசு ஒரு நிலைக்கு வரும்" என்றாள். என் மனசு நிலைக்கு வராமல் எங்கே ஓடிவிட்டது என்று கேட்க வாயெடுத்தேன். கட்டிய மனைவி ஆசையாகச் சொல்கிறாள், எழுதித் தொலைப்போம் என்று விட்டுவிட்டேன்.

பெயர் ஞானசேகர். ஊர் திண்டுக்கல். வங்கி அதிகாரி தேர்வுக்குப் படிக்கிறேன். எத்தனை வருஷமாக என்று யாரும் கேட்க வேண்டாம், எனக்குக் கெட்ட கோபம் வரும். வயது வரம்புப்படி இதுதான் எனக்குக் கடைசி முறை. இதில் தவறினால் அப்புறம் விண்ணப்பமே போட முடியாது. வீட்டில் சம்பாதிக்கிறவள் பரிமளா. நான் மாவட்ட நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கிறவன்.

கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம்தான் ஒவ்வொரு முறையும் காலை வாருகிறது. அதிலும் ஒரே பொருள் தரும் சொற்கள், எதிர்ச்சொற்கள். இந்த வாரம் வெற்றி, ஆதிக்கம் சம்பந்தப்பட்டவை. கான்கர், வேங்க்விஷ், சப்டியூ, ட்ரௌன்ஸ், ரௌட், ப்ரிவெயில். ஜெயிப்பதற்கே வெள்ளைக்காரன் இத்தனை வார்த்தை வைத்திருக்கிறான். தோற்பதற்கும் பஞ்சமில்லை. யீல்ட், சரண்டர், சக்கம்ப், கேபிட்யுலேட்.

மாலையில் உலை கொதிக்கும் நேரத்தில் எங்களுக்குள் போட்டி. நான் அவளைக் கேட்பேன், அவள் என்னைக் கேட்பாள். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். சட்டம் போட்டது அவள். இன்று நான் ஜெயித்தேன். சக்கம்ப் என்றதற்கு, "வெங்காய சாம்பார் மாதிரி இருக்கு, தெரியலங்க" என்று சிரித்தாள். பாத்திரம் தேய்த்தாள்.

ஆகஸ்ட் 10

இன்று ரபீக் ஒரு யோசனை சொன்னான். ரபீக் என்னோடு நூலகத்தில் படித்தவன், வயதில் இளையவன். போன வருஷம் குமாஸ்தாவாகத் தேர்வாகி இங்கேயே ஒரு வங்கிக் கிளையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய பாசத்தில் வந்து எங்களோடு உட்காருவான்.

"சேகர்ணே, அண்ணியும் டிகிரிதானே? அவங்க பேர்லயும் ஒரு விண்ணப்பத்தப் போட்டு விடுங்க. முதல்கட்டத் தேர்வு பல வேளையா நடக்கும். அண்ணிக்குக் காலைல வந்து உங்களுக்கு மத்தியானம் வந்துச்சுன்னா, என்ன மாதிரி கேக்குறான், எத மொதல்ல தொடணும்னு வெளிய வந்து சொல்லிருவாங்கள்ல?"

நூலகத்தில் பாதிப் பேர் தம்பியை, தங்கையை இப்படித்தான் உளவுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை!

வீட்டில் சொன்னதும் பரிமளா, "நானா? பரீட்சைன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்" என்றாள்.

"நீ பாஸாக வேணாம். பாத்துட்டு வந்து சொன்னாப் போதும்."

"அப்பச் சரி" என்றாள்.

அம்மா மட்டும் முறுக்கிக்கொண்டாள். "அவ எழுதி என்ன ஆகப்போகுது? கடைக்கு ஒரு நாள் லீவு போடணும்." விண்ணப்பம் போட்டாயிற்று.

ஆகஸ்ட் 19

இன்று குருட்டாம்போக்கில் பரிமளா ஜெயித்துவிட்டாள். கேபிட்யுலேட் எனக்குத் தெரியாமல் இல்லை, நாக்கு நுனியில் நின்றது. அவள் "கப்புனு கால்ல விழறது" என்று ஞாபகம் வைத்திருக்கிறாளாம். கைதட்டிக் குதித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

எனக்கு வயிறு மந்தமாக இருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டேன். பாத்திரத்தையும் அவளே தேய்த்தாள்.

ஆகஸ்ட் 20

நான் ஜெயித்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு பிரமாதம். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31

இன்றும் நானே.

செப்டம்பர் 14

பரிமளா சொற்களுக்கு அவளாகவே குறுக்குவழி கண்டுபிடிக்கிறாள். சப்டியூ என்றால், சப்பென்று ஒன்று விட்டால் அடங்குகிறது. ரௌட் என்றால் ரவுண்டு கட்டி அடிப்பது. ட்ரௌன்ஸுக்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது, டவுசர் சம்பந்தப்பட்டது. எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் மாத்திரை அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கிறாளாம். இத்தனை செய்தும் போட்டியில் சொதப்புகிறாளே என்று பாவமாக இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு தலை வேண்டும்.

அரிசி கழுவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, டாமினேட்டுக்கு எதிர்ச்சொல் என்ன?"

"சப்மிட். அடங்கிப் போறது."

"அடக்குறதுக்கு எதிர் அடங்குறதா? யாரையும் அடக்காம கூடவே சமமா இருக்குறதுதானே எதிர்?"

"பரீட்சையில அப்படி ஒரு விடையே இருக்காது. குடுத்த நாலுல ஒண்ணத் தொடு" என்றேன்.

"சரிங்க" என்று உலையில் அரிசியைப் போட்டாள்.

அக்டோபர் 3

அம்மாவுக்கு முழங்கால் வலி. தண்ணீர் நான் பிடித்தேன். போட்டியில் நான். பாத்திரம் அவள்.

அக்டோபர் 18

மதுரையில் முதல்கட்டத் தேர்வு. ரபீக் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். அவளுக்குக் காலை, எனக்கு மத்தியானம்!

வெளியே வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கல்லூரி வாசலில், வேப்பமர நிழலில் நின்று மூச்சுவிடாமல் சொன்னாள். கணக்கில் எதை விட்டுவிட வேண்டும், வட்டமேஜையில் யார் யாருக்குப் பக்கத்தில் என்கிற கேள்வி எவ்வளவு நேரத்தைத் தின்னும், ஆங்கிலத்தில் பத்தி எந்த ரகம். "ப்ரிவெயில் வந்துச்சு. சக்கம்ப் வந்துச்சு. சக்கம்ப்புக்கு ரெசிஸ்ட்தான் எதிர்ன்னு போட்டேன்" என்றாள். அவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று ஒரு நொடி தோன்றியது. நான் சொல்லிக்கொடுத்ததுதானே, எங்காவது ஒட்டியிருக்கும்.

எனக்கு நன்றாகப் போயிற்று. நான் எழுதி முடிக்கும்வரை அவள் வெயிலில் நின்றிருந்தாள். திரும்பும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை, இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நவம்பர் 6

தேறிவிட்டேன்! அம்மா கேசரி கிண்டினாள். தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

பரிமளாவும் தேறியிருக்கிறாள். வேடிக்கைதான். "உளவுக்குப் போனவ நாட்டையே புடிச்சிட்டா" என்றான் ரபீக். எல்லாரும் சிரித்தோம். நானும்.

டிசம்பர் 7

முதன்மைத் தேர்வு. இது எல்லாருக்கும் ஒரே வேளை. நானும் அவளும் ஒரே கூடம், அவள் எனக்கு முன்வரிசை. தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லை. ஒரு கட்டத்தில் எனக்கு எதிரில் இருந்த கேள்வியைவிட அவளுடைய பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினியில் என்ன இப்படித் தட்டுகிறாள் என்று.

வெளியே வந்ததும், "எப்படிங்க?" என்றாள்.

"பரவால்ல. உனக்கு?"

"எனக்கும் கஷ்டந்தான்" என்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஜனவரி 8

டைரியின் பின்பக்கங்கள் தீர்ந்துவிட்டன. முன்பக்கங்கள் சும்மா கிடப்பதால் கிழமையை அடித்துத் திருத்திவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பரிமளா தேறிவிட்டாள். நான் இல்லை.

ஜனவரி 10

முந்தாநாள் எழுத முடியவில்லை. இன்றும் முடியாது போலத்தான் இருக்கிறது.

நூலகத்தில் உட்கார்ந்து என் எண்ணைப் போட்டேன். வருந்துகிறோம் என்று வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். பிறகு அவள் எண்ணைச் சும்மா போட்டேன். சும்மா என்று எழுதுவது பொய். அவளும் தவறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போட்டேன். நேர்காணலுக்கு அழைக்கிறோம் என்று வந்தது.

நேராக மருந்துக் கடைக்குப் போனேன். யாரோ ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வந்துருச்சா? உங்களுது என்னாச்சு?" என்றாள்.

"எனக்கு இல்ல. உனக்கு வந்திருக்கு."

நான் இரண்டாவதாகச் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. "இல்லைங்க. தப்பா இருக்கும். இன்னொரு தடவ பாருங்க. நம்பர் மாத்திப் போட்டிருப்பீங்க" என்றாள். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடை முதலாளி விஷயம் தெரிந்து, ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டார். அந்த டீயை நானும் குடித்தேன்.

அவள் எனக்காகத்தான் அழுதாள். அதுகூட அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 21

அம்மா அவள் காதுபடவே, "புருஷனுக்குச் சொல்லிக்குடுக்கப் போயி இவ தட்டிக்கிட்டுப் போயிட்டா" என்றாள். அம்மாவை நான் கண்டித்திருக்க வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். நூலகத்தில் எனக்கு இனி என்ன வேலை? மாநில அரசுத் தேர்வுக்கு இன்னும் வயது இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டேன்.

போட்டி நின்றுவிட்டது. பாத்திரம் அவள்தான் தேய்க்கிறாள்.

பிப்ரவரி 1

ஞாயிறு. ரபீக் காலையில் வீட்டுக்கு வந்தான், பரிமளாவுக்கு நேர்காணல் பயிற்சி கொடுக்க. நான்தான் வரச்சொன்னதாக அவளிடம் சொன்னான். நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினான்.

நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். "நாக்கு கொஞ்சம் புரளட்டும் அண்ணி" என்று ரபீக் வார்த்தைகளைக் கேட்க ஆரம்பித்தான். வேங்க்விஷ் என்றான். அவன் சொல்லி முடிக்குமுன் பதில் வந்தது. ட்ரௌன்ஸ், ரௌட், சப்ஜுகேட், ஹெஜிமனி. எனக்கே தெரியாததெல்லாம் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் பொருள், எதிர்ச்சொல், அதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். சக்கம்ப் என்றான். அதற்கும் சொன்னாள், தண்ணீராக.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ரபீக் போனதும் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளா இந்த நாடகம்?"

"என்ன நாடகம்?"

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்டத் தோத்தது."

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "ஒரு நாள் நான் ஜெயிச்சேன்ல, ஆகஸ்ட்ல. நீங்க சாப்பிடாம படுத்துட்டீங்க. அன்னையிலருந்துதான்."

"எனக்கு அன்னிக்கு வயிறு சரியில்ல."

"ஆமாங்க."

அந்த 'ஆமாங்க'வைக் கேட்டதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கத்தினேன். நீ போட்ட பிச்சையில் ஜெயித்து ஜெயித்து நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பரீட்சையில் மண்ணைக் கவ்வினேன், உன்னால்தான் என்றேன். அம்மா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பரிமளா திருப்பிக் கத்தவில்லை. "அதத்தாங்க நானும் தெனம் நெனைக்கிறேன். ஒழுங்கா வெளையாடியிருந்தா நீங்க இன்னும் முட்டிமோதிப் படிச்சிருப்பீங்களோ, நான்தான் கெடுத்துட்டனோன்னு. நீங்களே சொல்லுங்க, என்னாலதானா?" என்றாள்.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏழு கழுதை வயதாகும்வரை நான் தவறிய தேர்வுகளில் எல்லாம் இவளா கூட இருந்தாள்? எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. டீயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 17

சென்னையில் அவளுக்கு நேர்காணல். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அம்மா துணைக்குப் போனாள், முணுமுணுத்துக்கொண்டே.

பிப்ரவரி 19

அம்மா வேறு ஆளாகத் திரும்பி வந்திருக்கிறாள். "எத்தன கோட்டுப் போட்ட பிள்ளைக அங்க! இவ பருத்திச் சேலையோட விறுவிறுன்னு உள்ள போறா. வெளிய வந்த முகத்தப் பாக்கணுமே! எனக்கே கண்ணு நெறஞ்சு போச்சுய்யா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

காய்ச்சல் விட்டதா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. இல்லை, பரிமளா கேட்டாள். கடையிலிருந்து மாத்திரையும் கொண்டுவந்தாள். இல்லாத காய்ச்சலுக்கு அதைப் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 2

தேர்வாகிவிட்டாள். அதிகாரி.

மே 21

உத்தரவு வந்தது. ஒடிசாவில் பொலாங்கிர் என்ற ஊர். எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். ரயிலில் போய், இன்னொரு ரயில் மாறி, அதற்கப்புறமும் போக வேண்டும். ஜூன் தொடக்கத்தில் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ஃபார்ஃபீட் ஆகும் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்யாததால் கையிலிருப்பதை இழப்பது. தோல்விச் சொற்களில் இதை நாங்கள் படிக்கவே இல்லை.

பரிமளா உத்தரவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்களும் வாங்களேன். அங்க உக்காந்து படிங்க. பரீட்சைக்கு மட்டும் இங்க வந்து எழுதுங்க."

"பொண்டாட்டி சம்பளத்துல வெளியூர்ல உக்காந்து தின்னுக்கிட்டா?"

"இப்பவும் என் சம்பளந்தாங்க" என்றாள். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து, "தப்பா சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல" என்றாள். கையை உருவிக்கொண்டேன்.

மே 29

"போன்னு சொல்லுங்க, போறேன். வேணாம்னு சொல்லுங்க, விட்டுர்றேன். ஏதாவது ஒண்ணு உங்க வாயால சொல்லுங்க" என்கிறாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

"அது பதில் இல்லைங்க."

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஊர் காறித் துப்பும். போ என்று சொல்ல நாக்கு வரவில்லை. இவளே ஒரு சண்டை போட்டுக் கிளம்பிப் போய்விட்டால் நல்லது. நான் அடிபட்டவனாக இருந்துகொள்வேன்.

ஜூன் 7

சேர வேண்டிய நாள் கடந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். ஆமாம், நிம்மதிதான். நூலகத்தில் ரபீக் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அண்ணி வங்கிக்கு எழுதி இந்த மாசக் கடைசி வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்காங்க. உங்ககிட்டச் சொன்னாங்களா?"

சொல்லவில்லை.

"உங்களுக்காகத்தாண்ணே வாங்கியிருக்காங்க. நீங்க மனசு ஆறி ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு. உங்களக் கெடுத்ததே தான்தான்னு அவங்க மனசுல ஒரு முள்ளு. நீங்க போன்னு சொன்னாத்தான் அது எறங்கும். சொல்லுங்கண்ணே."

"உன் வேலயப் பாருடா" என்றேன். அவன் எழுந்து போய்விட்டான். அவனும் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வரமாட்டான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 16

அம்மா மிளகாய், மல்லி காயவைத்து அரைத்துக்கொண்டு வந்தாள். புளி தனியாக, பருப்புப்பொடி தனியாகக் கட்டினாள். எதற்கு என்றேன்.

"ஒடிசாவுக்கு. அங்க எண்ணெயெல்லாம் கடுகெண்ணெயாம், ரபீக்குத் தம்பி சொல்லுச்சு. நான் அவகூடப் போயி ஆறு மாசம் இருக்கேன்யா. நீ இங்க நிம்மதியாப் படி. சோத்துக்கு மெஸ் இருக்கு."

"உனக்கு முழங்கால் வலி."

"அதுபாட்டுக்கு வலிக்கும். சேகரு, உங்கப்பா தவறினப்ப எனக்கும் பள்ளிக்கூடத்துல ஆயா வேல வந்துச்சு. என் அண்ணன் மொகத்தப் பாத்தேன். அவன் ஒண்ணும் சொல்லல. நானும் போகல. நீ இவளப் போகச் சொல்லுய்யா. என் கண்ணுல்ல?"

அம்மா என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 24

இன்று சொல்லிவிடுவது என்று கடைக்கே போனேன். பரிமளா ஒரு பெரியவருக்கு எந்த மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடை முதலாளி, "எங்க கடைப் பொண்ணு, பேங்க் ஆபீசராப் போகுது" என்று அவரிடம் பெருமையடித்தார். பெரியவர் என்னைக் காட்டி, "தம்பி யாரு?" என்றார்.

"அவங்க வீட்டுக்காரரு. தம்பியும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காப்புல" என்றார் முதலாளி.

சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பரிமளா வாசல் வரை பின்னால் வந்தாள். "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"சாயங்காலம் பால் வாங்கிட்டு வா."

ஜூன் 30

மழை. நூலகம் சென்றேன். இந்திய அரசியலமைப்பு, இரண்டு பாடம்.

ஜூலை 1

காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "பரிமளா, நீ போ. போயி சேரு. நான் சமாளிச்சுக்குவேன்."

சீப்பு அப்படியே நின்றது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"நேத்தோட முடிஞ்சுருச்சுங்க."

"எழுதிக் கேட்டா இன்னும் டயம் குடுப்பாங்க."

"குடுக்க மாட்டாங்க. அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சதாலதான் இன்னிக்குச் சொல்றீங்க."

கோபமாகச் சொன்னால் பதிலுக்கு நானும் கத்தியிருக்கலாம். வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. நேற்று ராத்திரி வரை வாயை விட்டு வராத சொல், இன்று விடிந்ததும் எவ்வளவு லேசாக வந்துவிட்டது!

"எனக்கு உங்க மேலகூடக் கோவம் இல்லைங்க" என்றாள். "ஒரு வார்த்தைக்காக இத்தன நாள் வாசல் பாத்துக்கிட்டு இருந்தேன் பாருங்க, என் மேலதான் கோவம்." சடையை முடித்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

அம்மா கட்டி வைத்திருந்த பொடிகளைப் பிரித்து டப்பாக்களில் கொட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். யாரும் எங்கும் போகவில்லை. எல்லாம் என் இஷ்டப்படி இருக்கிறது. இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது.

ஜூலை 9

மாலையில் வங்கியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கூடத்தில் நின்று பேசினாள். நான் பாடப்புத்தகத்தோடு பக்கத்திலேயே இருந்தேன். எதிர்முனையில் ஒரு அதிகாரியின் குரல் எனக்கும் கேட்டது, நல்ல மனுஷன் போலிருக்கிறது. ஏன் சேரவில்லை, ஊர் தூரம் என்பதாலா, வீட்டில் யாராவது தடுத்தார்களா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். காரணம் நியாயமாக இருந்தால் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். சொல்லட்டும், புருஷன்தான் தடுத்தான் என்று சொல்லட்டும், எனக்கு வேண்டும் அது என்று நினைத்தேன்.

பரிமளா அழகான ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். தடுமாற்றமே இல்லை. யாரும் தடுக்கவில்லை சார், என் கணவர் போகத்தான் சொன்னார், போக வேண்டாம் என்பது என் சொந்த முடிவு என்றாள். இன்னொரு முறை யோசிக்கிறீர்களா என்றார் அவர். இல்லை சார், என் இடத்தைக் காத்திருக்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். நன்றி சொல்லி வைத்தாள்.

புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். "ஏன் அப்படிச் சொன்ன? நான்தான் காரணம்னு சொல்லியிருக்கலாம்ல? அவரே பேசிப் பாக்கறேன்னாருல்ல?"

"புருஷன் வேணாம்னான்னு வெளியாள்கிட்டச் சொல்லிக்கிட்டு ஒரு வேலைக்கா? அப்படிப் போயி நான் என்னத்தச் சந்தோஷமா இருக்கப் போறேன்?"

"பரிமளா, உன்னால நான் தோக்கல. நான் தோத்தது என்னால. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

முகம் ஒரு கணம் சுருங்கியது. எத்தனையோ மாதமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சொல். அதைக் கேட்டும் அவள் முகம் மலரவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள். தட்டிவிடவில்லை, எடுத்துத்தான் விட்டாள்.

"நீங்க போயிப் படிங்க. நான் கொஞ்ச நேரம் அழுதுட்டு வர்றேன்" என்றாள்.

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு முறை எழுந்து கதவு வரை போய், தட்டாமல் திரும்பி வந்தாள்.